ரயருக்குள் மணியா, ரிம்மில் ஈயமா?

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த மச்சான், சொக்லேட்டும் சவர்க்காரமும் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்து முடித்த பிறகு, பெட்டியின் அடியில் இருந்து ஆறு சின்னப் பைகளை எடுத்து மேசையில் வைத்தார். பை ஒன்றுக்கு 170 கிராம். உள்ளே கடுகு அளவில் வெள்ளை வெளேரென்ற பீங்கான் மணிகள். உள்ளங்கையில் கொட்டினால் நிற்காமல் விரலிடுக்கால் வழிந்து ஓடின.

"மச்சான், இதை ரயருக்குள்ள கொட்டிவிட்டாச் சரி. பிறகு ஈயம் அடிக்கிற வேலையே இல்லை. நாங்கள் அங்க லொறிக்கு இதுதான் போடுறது" என்றார்.

அவர் ரொறன்ரோவில் பெரிய லொறி ஓட்டுகிறவர். சும்மா கதைக்கிற ஆளில்லை. அதனால்தான் நானும் இதைச் சும்மா விடவில்லை. என்னுடையது வாடகைக்கு ஓடும் வான். கட்டுநாயக்கா விமான நிலையம், குறிகட்டுவான், கலியாண வீடு என்று மாதம் முழுக்க ஓட்டம். அந்த நேரம் பார்த்து முன் சில்லில் ஒரு நடுக்கமும் இருந்தது. பலாலி வீதியில் ஒன்றும் தெரியாது. ஆனையிறவு தாண்டி நேர் ரோட்டில் 65 ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கைக்குள் துடிக்கத் தொடங்கும். கட்டுநாயக்கா அதிவேகப் பாதையில் 95 க்குப் போனால் மெல்ல அடங்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அதில் பெரும்பங்கு தூரத்தை இந்த நடுக்கத்தோடுதான் ஓட்டவேண்டியிருந்தது.

பலன்ஸ் பார்க்கும் மெஷினில் போட்டு, சில்லின் நிறையைச் சமப்படுத்த ரிம்மில் ஈயத் துண்டு (ஈய வெயிட்) அடிப்பதா, மச்சானின் மணியைக் கொட்டுவதா, இல்லாவிட்டால் கையாலேயே ஏதாவது செய்வதா? இரண்டு மாதம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். வான், மோட்டார் சைக்கிள், லொறி என்று ஏதாவது ஒன்றை வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு உதவும் என்றுதான் விபரமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த நடுக்கம் ஏன் வருகிறது என்பதைச் சொல்லவேண்டும். எந்த ரயரும் சுற்றிவர ஒரே நிறையாக வார்க்கப்படுவதில்லை. எங்காவது ஓரிடத்தில் ரப்பர் சற்றுக் கூடியிருக்கும். ரிம்மும் அப்படித்தான். வால்வு இருக்கிற இடம் கொஞ்சம் பாரம். இரண்டையும் பூட்டும்போது ஒரு பக்கம் கனத்துவிடும். சில்லு மெதுவாகச் சுற்றும்போது அந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை. வேகம் கூடும்போதுதான் கதை மாறுகிறது. 14 அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் கூடியிருக்கிறது என்று வையுங்கள். வான் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது அது ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசையோடு அச்சை வெளியே இழுக்கும். வேகம் இரட்டித்து 80 ஆனால் இழுவை நான்கு மடங்காகி நாலரைக் கிலோவுக்கு வந்துவிடும். அந்த வேகத்தில் சில்லு செக்கனுக்கு 11 தடவை சுற்றுகிறது. அதாவது, நாலரைக் கிலோ விசையோடு செக்கனுக்கு 11 தடவை மேலும் கீழும் முன்னும் பின்னும் தட்டுவது போல. போல் ஜொயின்ற், பெயரிங், சொக் அப்சோர்பர் எல்லாம் வாங்குகிற அடி அது. ரயரும் ஒரே சீராகத் தேயாமல் திட்டுத் திட்டாகத் தேயும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கனம் சில்லின் நடுக்கோட்டில் இருந்தால் சில்லு மேலும் கீழும் துள்ளும். உட்பக்க விளிம்பிலோ வெளிப்பக்க விளிம்பிலோ இருந்தால் சில்லு பக்கவாட்டில் ஆடும். முன் சில்லென்றால் அந்த ஆட்டம் நேரே ஸ்டியரிங்குக்கு வரும். அகலமான ரயர்களில் இந்த இரண்டாவது வகைதான் தொல்லை. சைக்கிள், மோட்டார் சைக்கிள் சில்லுகள் ஒடுக்கம் என்பதால் முதல் வகையை மட்டும் பார்த்தால் அநேகமாகப் போதும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள்.

காசு செலவழிக்க முதல் செய்ய வேண்டியது

நடுங்கினால் உடனே "அலைன்மென்ட் பாருங்கோ" என்று வாகனத்தைக் கொண்டுபோய் விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அலைன்மென்ட் வேறு, பலன்ஸ் வேறு. முதலாவது சில்லுகள் நிற்கும் கோணம், மற்றது சில்லின் நிறை சுற்றிவரச் சமனாக இருப்பது. கையை விட்டால் வாகனம் ஒரு பக்கம் இழுத்தாலோ ரயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அலைன்மென்ட். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் நடுக்கம் வந்து, அதைத் தாண்டக் குறைந்தால் பலன்ஸ். ஸ்டியரிங் நடுங்கினால் முன் சில்லு, ஆசனமும் தரையும் நடுங்கினால் பின் சில்லு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கையோ டிரம்மையோ பாருங்கள். 20, 30 இலேயே வாத்து நடப்பது போல ஆடினால் ரயர் வீங்கியிருக்கிறது, அல்லது ரிம் நெளிந்திருக்கிறது. இந்தக் கடைசி வகையை மணியும் தீர்க்காது, ஈயமும் தீர்க்காது. கோணலான சில்லில் நிறையை எத்தனை தரம் சமப்படுத்தினாலும் கோணல் கோணல்தான்.

கோப்பாயில் நான் வழக்கமாகப் போகும் கராஜ் அண்ணையிடம் மணிப் பைகளைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, முதல்ல சில்லைக் கழட்டி உள்பக்கம் கழுவும். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்றார்.

சில்லைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டோம். ரிம்மின் உட்குழிவில் செம்மண் அப்பிக் காய்ந்து செங்கல் போல இறுகிக் கிடந்தது. ஒரு மாதத்துக்கு முதல் அச்சுவேலிப் பக்கம் கலியாண ஓட்டம். தோட்டத்துக்கு இறைத்த தண்ணீர் ஒழுங்கையில் வழிந்து சேறாகிக் கிடக்க, அதற்குள்ளால்தான் வானை விட்டேன். தட்டையான இரும்பால் சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கச் சில்லில் இருந்து மட்டும் ஒரு சிரட்டை நிறைய மண். 50 கிராமுக்கே அவ்வளவு இழுவை என்று மேலே கணக்குச் சொன்னேன். சிரட்டை நிறைய மண்ணுக்கு நீங்களே கணக்குப் பாருங்கள். மாரி காலத்தில் தோட்டப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இது வருடா வருடம் நடக்கிற சங்கதி. சேறு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஒட்டினால் பாதிப்பில்லை. வாகனத்தை நிறுத்தியதும் அது கீழ்ப்பக்கம் வழிந்து அங்கேயே காய்வதால்தான் பிரச்சினை.

கழுவித் துடைத்த பிறகு அண்ணை ரிம்மின் விளிம்பில் விரலை வைத்துக் காட்டினார். சுற்றிவர நிறம் மங்கிப்போன ரிம்மில் ஓர் இடத்தில் மட்டும், விரல் நுனி அகலத்துக்கு, சின்னதாக ஒரு பளபளப்பான செவ்வகம். ஒட்டியிருந்த ஈயம் விழுந்த இடம். ரயர் போட்ட நாளில் அடித்த வெயிட்டில் ஒன்று எங்கேயோ வீதியில் கழன்று போயிருக்கிறது.

கழுவியதோடு நடுக்கத்தில் பாதி போய்விட்டது. மற்றப் பாதிக்குத்தான் மணியா ஈயமா என்ற கேள்வி.

மணியைக் கொட்டிய கதை

மச்சான் நிற்கும்போதே அவர் முன்னால் போட்டுப் பார்த்தால்தான் நியாயம் என்று, முதலில் மணியையே எடுத்தேன். பழைய வெயிட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முன் ரயர் இரண்டிலும் ரயருக்கு ஒரு பையாகக் கொட்டினோம். இரண்டு வழி இருக்கிறது. வால்வின் உள்ளூசியைக் கழற்றி, ஒரு சின்னக் குழாயால் மணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடலாம். அது பொறுமையைச் சோதிக்கிற வேலை. மற்றது, ரயரின் ஓரத்தை ரிம்மில் இருந்து ஒரு பக்கம் இறக்கி, அந்த இடைவெளியால் பையைக் கவிழ்ப்பது. நாங்கள் செய்தது இரண்டாவது. பிறகு மணி காற்றோடு வெளியே வந்து அடைக்காமல் இருக்க, சல்லடை வைத்த உள்ளூசியை வால்வில் போடவேண்டும். அதையும் மச்சான் கொண்டு வந்திருந்தார். சாதாரண ஊசியை விட்டுவிட்டால் காற்று அளக்கும்போது ஒரு மணி ஊசியில் இறுகி, காற்று மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். காற்று அளக்கும்போது வால்வு மேல்பக்கமாக நிற்பதும் நல்லது. மணி கீழே கிடக்கும்.

இந்த மணி எப்படி வேலை செய்கிறது? மேல்மூடியுள்ள உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் பலவற்றில் தொட்டியின் மேல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். குலுக்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும். அது உப்புத் தண்ணீர். உடுப்பு ஒரு பக்கம் குவிந்து தொட்டி சுழலும்போது, அந்தத் தண்ணீர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து ஆட்டத்தை அடக்கும். மணியின் தத்துவமும் அதுதான். ஒரு பக்கம் கனத்த சில்லு வேகமாகச் சுற்றும்போது, அது தன் அச்சின் நடுவைச் சுற்றாமல் தன் நிறையின் நடுவைச் சுற்றப் பார்க்கும். அப்போது கனம் குறைந்த பக்கம் சுழற்சியின் நடுவில் இருந்து கூடத் தூரம் தள்ளி நிற்கும். உள்ளே கட்டில்லாமல் கிடக்கும் மணிகள் தூரம் கூடிய பக்கத்துக்கே ஓடும். கனம் குறைந்த பக்கத்தில் மணி சேர்ந்தால் சில்லு சமன் ஆகிவிடும். கேட்க அழகாக இருக்கிறது. பொய்யும் இல்லை.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இது நடப்பது, சில்லு ஸ்பிரிங்கின் மேல் தானாகத் துள்ளும் தாளத்தை விட வேகமாகச் சுற்றும்போதுதான். அந்தத் தாளத்துக்குக் கீழே நேர் எதிர். கனமான பக்கம்தான் நடுவில் இருந்து தூரம் தள்ளி நிற்கும். மணியும் அந்தப் பக்கமே போகும். அதாவது உள்ள நடுக்கத்தைக் கூட்டும். சாதாரண கார், வான் சில்லுகள் துள்ளும் தாளம் செக்கனுக்கு 10 இலிருந்து 15 வரை. என் வான் சில்லு 80 கிலோமீட்டர் வேகத்தில் செக்கனுக்கு 11 தடவை சுற்றுகிறது என்று மேலே சொன்னேன். ஏ9 வீதியில் நாங்கள் ஓடுகிற வேகத்தில், மணி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்க முடியாத இடத்தில்தான் சில்லு நிற்கிறது. தோய்க்கும் மெஷினிலும் இதைக் காணலாம். வேகம் எடுக்கத் தொடங்கும்போது கிடந்து குலுங்கிவிட்டு, வேகம் ஏறிய பிறகுதான் அமைதியாகும்.

இனி வீதியில் கண்டதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்குள் ஊர்ந்து போகும்போது, கண்ணாடியை இறக்கிவிட்டால், ஓலைக் கூரையில் மழை தூறுவது போல ஒரு சலசலப்பு. 25 க்கு மேல் அது கேட்காது. மணிகள் ரயரின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. பரந்தன் தாண்டி ஒரே சீராக 70 இல் போனபோது சில நேரம் மிக நன்றாக இருந்தது. ஸ்டியரிங் அசையவே இல்லை. மச்சான் பக்கத்தில் இருந்து பெருமையோடு என்னைப் பார்த்தார். மாங்குளத்துக்குக் கிட்ட மாடுகள் குறுக்கே வர நிறுத்தவேண்டியதாயிற்று. நிறுத்தியதும் மணி முழுதும் அடியில் விழுந்துவிடும். மறுபடி வேகம் எடுத்தபோது நடுக்கம் வந்தது. இந்தத் தடவை போகவில்லை. வவுனியா வரை இருந்தது. திரும்பி வரும்போதும் இதே கதை. ஒருதரம் பொருந்தும், ஒருதரம் பொருந்தாது.

மச்சானின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அவர் ஓடுவது பல மணி நேரம் பிரேக் தொடாமல் ஒரே வேகத்தில் போகும் பெருந்தெருவில். மணி ஒருதரம் நல்ல இடத்தில் படுத்துவிட்டால் அன்றைய நாள் முழுக்க அங்கேயே கிடக்கும். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சந்தி, மாடு, சைக்கிள், ஒழுங்கை வாசலில் நிற்கும் பிள்ளை, கோயில் வீதியில் தண்ணீர்ப் பந்தல். குறிகட்டுவான் ஓட்டத்தில் வேலணை தாண்டிப் புங்குடுதீவு முடியும் வரை ஒரே வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடினேன் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு குறை, ரயரைக் கழற்றிய நாளில் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து இறக்கிப் பார்த்தபோது, இடப்பக்க ரயரில் மணிகளில் பல உதிரியாக இருக்கவில்லை. ஈரச் சீனி போலக் கட்டி கட்டியாக, ரப்பர் தூள் பட்டுக் கறுத்து, ஓரிடத்தில் ஒட்டிக் கிடந்தன. காரணம் தண்ணீர். எங்கள் பக்கக் காற்று ஈரம் கூடியது. கொம்பிரசர் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை ஒவ்வொரு நாளும் திறந்துவிடாவிட்டால், காற்றோடு அதுவும் ரயருக்குள் போகும். ஈரம் பட்ட மணி ஓடாது. ஓடாத மணி, தப்பான இடத்தில் அடித்த ஈயத்துக்குச் சமம். அதை விட மோசம் என்றும் சொல்லலாம். ஈயத்தைக் கண்ணால் கண்டு கழற்றலாம், மணியைக் காண முடியாது. துளையடைக்கும் திரவம் ஊற்றிய ரயருக்குள் மணி போடவே கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

ரயர் ஒட்டும் கடையில் நடந்ததையும் சொல்லவேண்டும். கடைத் தம்பிக்கு உள்ளே மணி இருப்பது தெரியாது. நானும் சொல்ல மறந்துவிட்டேன். ரயரை இறக்கியதும் நிலமெல்லாம் மணி. அவன் காலடியில் சறுக்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு பேருமாகத் தும்புத்தடியால் கூட்டி எடுத்தோம். மணி போட்டிருக்கிறவர்கள் தயவுசெய்து ரிம்மில் பெயின்ற்றால் ஒரு அடையாளம் வையுங்கள். வெளியில் இருந்து ஆணித் துளைக்கு ஒட்டு வைப்பதென்றால் பிரச்சினை இல்லை. ரயரை இறக்கும் வேலையென்றால் கடைக்காரருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மெஷின்

அன்றே அந்தச் சில்லுகளை மெஷினில் பூட்டினோம். வலப்பக்கச் சில்லு இன்னும் மணியோடு இருந்தது. முதலில் அதை அப்படியே சுற்றிப் பார்த்தோம். திரையில் 35 கிராம் என்று காட்டியது. நிறுத்தி மறுபடி சுற்ற 60. மூன்றாந்தரம் 20, அதுவும் வேறு பக்கத்தில். மெஷினில் அச்சு இறுக்கமாக நிற்பதால் மணிக்கு ஓடிப்போய்ச் சேர இடமில்லை. ஒவ்வொரு தரமும் கண்டபடி படுக்கும். மணி போட்ட சில்லை மெஷினில் சோதிக்க முடியாது என்பது இதனால்தான். சமனாக இருக்கிறதா இல்லையா என்பதை ஓடும்போது கையால்தான் உணரவேண்டும். வாடகைக்கு ஆட்களை ஏற்றுகிற எனக்கு இது மனதுக்குப் பிடிக்கவில்லை.

மணியைக் கொட்டித் துடைத்துவிட்டுச் சுற்றினோம். உட்பக்கம் 40, வெளிப்பக்கம் 25. எத்தனை தரம் சுற்றினாலும் அதே எண். உள் விளிம்பில் ஒன்று, வெளி விளிம்பில் ஒன்று என்று வெயிட் அடித்தார்கள். இரண்டு பக்கமும் பூச்சியம். துள்ளல், பக்கவாட்டு ஆட்டம் இரண்டையும் தனித்தனியே அளந்து தனித்தனியே திருத்துவது மெஷின் மட்டும்தான். மணி ரயரின் உட்சுவரில் எங்கே வேண்டுமானாலும் படுக்கும். உள் விளிம்புக்கு இவ்வளவு, வெளி விளிம்புக்கு இவ்வளவு என்று அதற்குச் சொல்ல முடியாது.

மெஷின் என்றதும் கண்ணை மூடி நம்பவும் கூடாது. பக்கத்தில் நின்று பாருங்கள். சில்லு மெஷினின் அச்சில் நடுவாகப் பூட்டுப்படாவிட்டால் அது காட்டுகிற எண்ணே பிழை. சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பூச்சியம் வந்த பிறகு சில்லைத் தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி பூட்டிச் சுற்றச் சொல்லுங்கள். மறுபடியும் பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் சரி. 20, 30 என்று காட்டினால் பூட்டியது சரியில்லை. பல மெஷின்கள் 5 கிராமுக்குக் குறைந்ததைப் பூச்சியம் என்று காட்டும். வானுக்கு அது பரவாயில்லை. அடுத்தது, பழைய வெயிட்டைக் கழற்றாமல் அதற்குப் பக்கத்தில் புதிதாக அடிக்கிற கடைகளும் உண்டு. ரிம்மைக் கழுவி, பழையதை எல்லாம் கழற்றிவிட்டுத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். கோபிக்க மாட்டார்கள்.

புது ரயர் போடும்போது இன்னொன்றையும் பாருங்கள். பக்கச் சுவரில் மஞ்சள் பொட்டு இருந்தால் அது ரயரின் நிறை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேரே வைத்துப் பூட்டினால் அடிக்கவேண்டிய ஈயம் குறையும். சிவப்புப் பொட்டு வேறு. அது ரயர் ஆக விறைத்து மேடாக இருக்கும் இடம். ரிம்மின் தாழ்ந்த இடம் எங்கே என்று அடையாளம் இருந்தால் சிவப்பை அதற்கு நேரே வைக்கவேண்டும்.

ஈய வெயிட்டின் குறை, விழுவதுதான். ஒட்டுகிற வகை, தூசி துடைக்காத ரிம்மில் நிற்காது. மதுசாரம் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு ஒட்டவேண்டும். அடிக்கிற வகைக்கு உப்புக் காற்று எதிரி. அதன் பிடி இரும்பு. பண்ணைப் பாலத்தாலும் சங்குப்பிட்டியாலும் தினம் போய் வருகிற வாகனங்களில் அந்தப் பிடி துருப்பிடித்துத் தளர்வதைக் கண்டிருக்கிறேன். ஈயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் கார்களுக்கு ஈய வெயிட்டை நிறுத்திவிட்டது. அங்கே இப்போது நாகமும் உருக்கும்தான். எங்கள் பக்கம் ஈயம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கழற்றிய ஈயத் துண்டுகளைச் சேர்த்து, மீன்பிடி வலைக்கு ஈயக் குண்டு வார்க்க வீட்டு அடுப்பில் உருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் புகையும் சாம்பலும் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு.

விலையிலும் மெஷின்தான் மலிவு. மணி இங்கே நான் கேட்ட கடைகளில் கிடையாது. வெளியே இருந்து எடுப்பிக்கவேண்டும். அதற்கு ஆகும் காசில் நாலு சில்லையும் பல தடவை மெஷினில் போடலாம். மணிக்கு உள்ள பெரிய வசதி, ரயர் தேயத் தேய அதுவும் தானாக இடம் மாறும் என்பது. ஈயம் அடித்த இடத்திலேயே நிற்கும். ஆகவே 10,000 கிலோமீட்டருக்கு ஒருதரம், அல்லது ரயரை முன் பின் மாற்றும்போது, மறுபடி மெஷினில் பார்க்கவேண்டும். எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

கையால்

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை என்பது என் எண்ணம். 90 களில் மின்சாரமே இல்லாத காலத்தில் எங்கள் ஆட்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்கே கையால் பலன்ஸ் பார்த்திருக்கிறார்கள். கராஜ் அண்ணை எனக்குக் காட்டித் தந்ததை அப்படியே சொல்கிறேன்.

முன் சில்லைக் கழற்றி, அச்சுக் கம்பியை மட்டும் திரும்பப் போட்டு, ஒரே உயரமான இரண்டு கதிரைகளின் விளிம்பில் கம்பியின் இரண்டு நுனியையும் வைக்கவும். பெயரிங் இலேசாகச் சுற்றவேண்டும். இறுகிக் கிடந்தால் இந்த வேலை சரிவராது. சில்லை மெதுவாகச் சுற்றிவிட்டு விலகி நிற்கவும். அது போய்த் தயங்கி, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி நிற்கும். கீழே நிற்கும் இடம்தான் கனம். சோக்கால் ஒரு கோடு. மறுபடி சுற்றவும். மூன்று தரமும் அதே கோடு கீழே வந்தால் சந்தேகமில்லை. கோட்டுக்கு நேர் எதிரே, மேல்பக்கத்தில், ஒட்டுகிற வெயிட்டை நாடாவால் தற்காலிகமாக ஒட்டி, 5 கிராமாகக் கூட்டிக்கொண்டு போகவும். எந்தப் பக்கத்தில் விட்டாலும் சில்லு அந்த இடத்திலேயே அசையாமல் நின்றால் முடிந்தது. பிறகு ரிம்மைத் துடைத்து நிரந்தரமாக ஒட்டலாம். என் மோட்டார் சைக்கிளுக்கு 15 கிராம் போதுமாக இருந்தது. அரை மணித்தியால வேலை.

மோட்டார் சைக்கிளுக்கும் மணி போடுகிறார்கள். முன்னுக்கு ஏறத்தாழ 28 கிராம், பின்னுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. ஒடுங்கிய சில்லு என்பதால் பக்கவாட்டுப் பிரச்சினை குறைவு. ஆனால் ரியூப் போட்ட சில்லென்றால், ரியூப் ஒட்டும் ஒவ்வொரு தரமும் உள்ளே கிடக்கும் மணியோடு மாரடிக்கவேண்டும். எங்கள் பக்கம் ரியூப் போட்ட மோட்டார் சைக்கிள்கள் இன்னும் நிறைய.

ஹப்பில் பூட்டுகிற வளையம் ஒன்றும் இருக்கிறது. சில்லுக்குப் பின்னால், நட்டுகளோடு சேர்த்துப் பூட்டும் உள்ளீடற்ற வளையம். அதற்குள் உலோகக் குண்டுகள் எண்ணெய்க்குள் உருளும். ரயரை இறக்கும்போது எதுவும் கொட்டாது, ஈரமும் படாது. தத்துவம் மணியினுடையதேதான். ஆகவே வானைப் பொறுத்தவரை மேலே சொன்ன வேகக் கணக்கு இதற்கும் பொருந்தும். நான் பூட்டிப் பார்த்ததில்லை.

மிச்சம் லொறி. சித்தப்பாவின் லொறி தம்புள்ளைக்கு வெங்காயம் கொண்டுபோகிறது. ரியூப்லெஸ் ரயர். அந்த அளவுச் சில்லைப் பூட்டக்கூடிய மெஷின் நான் போகும் கடையில் இல்லை. ஒரு பெரிய லொறி ரயருக்கு 280 இலிருந்து 340 கிராம் வரை மணி போடுவார்கள். மிச்சம் இருந்த நாலு பையும் முன் ரயர் இரண்டுக்குச் சரியாக வரும். மேலே சொன்ன வேகக் கணக்கு லொறிக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. ஒரு மீற்றர் விட்டமுள்ள சில்லு 80 இல் போனாலும் செக்கனுக்கு ஏழு தடவைதான் சுற்றும். அதைச் சித்தப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். மச்சானோடு ஓடுகிறவர்கள் இதை நம்பித்தான் ஓடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். அவர் இரவில்தான் ஓடுவார். கிளிநொச்சி தாண்டினால் வீதி வெறிச்சென்று இருக்கும். நிறுத்தாமல் ஒரே சீராகப் போகலாம். "மெஷின் இல்லாத இடத்தில இதையாவது போட்டுப் பாப்பம். கூடாட்டிக் கொட்டிப்போடலாம்தானே" என்றார்.

கொம்பிரசர் தொட்டியின் தண்ணீரை முதல் நாளே திறந்துவிட்டு, ரயரின் உட்பக்கத்தை வெயிலில் காயவைத்துத்தான் போட்டோம். பூட்ட முன்னம் இரண்டு ரயரிலும் மூன்று மூன்று இடத்தில் தவாளிப்பின் ஆழத்தை அளந்து, லொறிக்குள் இருக்கும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று இடமும் ஒரே அளவில் தேய்கிறதா என்று தைப்பொங்கலுக்கு லொறி வீட்டில் நிற்கும்போது அளந்து பார்ப்போம்.